ஏஐ கட்டிவைத்த கல்யாணம்

மாணவர்களுக்கு நேர்மை சொல்லிக்கொடுக்கப் போய் நான் மாட்டிக்கொண்ட கதை இது.

அன்னவாசல் பக்கம் ஒரு கல்லூரியில் டிசைன் வாத்தியார் நான். பாதி மாணவர்கள் படித்து முடித்து பிளெக்ஸ் பேனர் கடைக்குத்தான் போவார்கள். அதனால் ஏஐ படங்களை எப்படி நியாயமாகப் பயன்படுத்துவது என்று பாடம் எடுத்தேன். "அடுத்தவர் முகத்தை அனுமதியில்லாமல் தொடாதீங்க. ஏஐ படம்னா அதுலயே எழுதிடுங்க." உதாரணத்துக்கு, கல்யாண பேனர் ஒன்று போடச் சொல்லி ஏஐயிடம் என் போட்டோவையே கொடுத்தேன். (என்ன ஒரு நேர்மை!) திரையில் எனக்குப் பட்டு வேட்டி, மாலை, பக்கத்தில் அழகான ஒரு மணமகள். 'ஏஐ படம்' என்று எழுதத்தான் மறந்தேன். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆனதும் அப்போது ஞாபகம் வரவில்லை.

இலுப்பூர் மாணவி ஒருத்தி அதை போனில் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். அவள் வீட்டுக்கு எதிரே உரக்கடை வைத்திருப்பவர் என் மனைவி கலாவின் அண்ணன்.

சாயங்காலம் பஸ்ஸில் இருக்கும்போது மச்சானிடமிருந்து போன். எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க வாரீங்க மாப்ள?"

"பஸ்ல மச்சான்."

"வாங்க. ஒங்க வீட்லதான் இருக்கேன்."

எங்கள் ஸ்டாப் திருக்கோகர்ணம் வருவதற்குள் வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. ஸ்டாப்பில் கண்டக்டர்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

வீட்டில் கலா, போனில் அந்த மணமகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இவ?"

"அப்படி ஒரு பொண்ணே கெடையாது. ஏஐ வரைஞ்சது!"

"இல்லாத பொண்ணுக்கு எதுக்கு மாப்ள மாலை?" மச்சான் சட்டைக் கையை மடித்தார்.

நிரூபிப்பதற்காக, ஏஐயில் மறுபடி ஒரு படம் போட்டேன். அதே நான், அதே மாலை. பக்கத்தில் வேறொருத்தி!

"இன்னொருத்தியுமா?" கலா அழத் தொடங்கினாள்.

வேறு வழி தெரியாமல் மச்சானையே ஒரு போட்டோ எடுத்தேன். (அனுமதியாவது, ஒன்றாவது!) அரை நிமிஷத்தில் அவருக்கும் மணமகள் வந்தாள். மச்சான் வெளிறிப்போனார்.

"அழிங்க மாப்ள! எம் பொண்டாட்டி பாத்தா வீட்டுக்குள்ளயே விடமாட்டா!"

கலாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. படம் அழிந்துவிட்டதா என்று மச்சான் என் போனை மூன்று முறை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மறுநாள் வகுப்பில் முழுக்கதையையும் சொன்னேன். அந்த மாணவி கண்கலங்கினாள். "எழுதாம விட்டது நாந்தாம்மா" என்றேன். அன்றைக்குத்தான் எல்லோரும் பாடத்தை நோட்டில் எழுதினார்கள்.

வீட்டில்தான் பாடம் முடியவில்லை. அரைமணி தாமதமாகப் போனால்கூட கலா கதவைத் திறந்துகொண்டே கேட்கிறாள்:

"யாரு வீட்ல இருந்து வாரீங்க? மொத ஆளா, ரெண்டாவது ஆளா?"