அரசர் மேடை ஏறினார், என் பல் இறங்கியது

அன்பு மைத்துனருக்கு,

நீங்கள் நலமாயிருக்க வேண்டுகிறேன். என் நலத்தில் ஒரு கடைவாய்ப்பல் மட்டும் குறைவு. சனிக்கிழமை நான்கு மணிக்கு டிவியில் வந்த, நீங்கள் அரசராக நடித்த நாடகத்தைப் பார்த்தேனா என்று மூன்று முறை போன் செய்தீர்களாம். வாய் வீங்கியிருப்பதால் எழுதுகிறேன்.

"பாக்கலேன்னா அக்கா வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொன்னீர்களாமே, எனக்கு அது வரமாகத்தான் பட்டது. ஆனால் இந்த வீட்டில் கையெழுத்துதான் என்னுடையது, முடிவெல்லாம் உங்கள் அக்காவுடையது. மூன்றரைக்கே டிவியைப் போட்டோம். அந்தச் சேனல் எங்களுக்கு இல்லை என்றது. புகார் எண்ணைக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்ற பெண்குரல், என் பொறுமைக்கு நன்றி சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டது. மகளைக் கேட்டோம். "செல்போன்லயே பாக்கலாம்ப்பா, பாஸ்வேர்டைப் போடு" என்றாள். போட்டேன். நான் மனிதன்தான் என்று நிரூபிக்க, படத்தில் சிக்னல் விளக்கு எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னது. முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்தவன் நான், அதில் தோற்றேன். "எனக்கே அதுல ரொம்ப நாளா சந்தேகந்தான்" என்றாள் உங்கள் அக்கா.

உடனே அவளுக்குக் கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இருக்கும் டிவி ஞாபகம் வந்தது. செருப்பு மாட்டக்கூட விடாமல் இழுத்துப் போனாள். அங்கே நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. "பேஷண்ட்டும் கூட வந்தவங்களும் மட்டும்தான் உக்காரலாம்மா" என்றாள் டோக்கன் கொடுக்கும் பெண். "இவர்தாம்மா பேஷண்ட். ரெண்டு நாளா துடிக்கிறார்" என்று உங்கள் அக்கா கூசாமல் சொன்னாள். நடிப்பு உங்கள் குடும்பச் சொத்து என்று அன்றுதான் புரிந்தது.

கிரீடத்துக்கும் தாடிக்கும் நடுவே ஒரு மூக்குடன் அரசர் வந்தார். "என் தம்பி! எவ்ளோ இளைச்சுட்டான் பாருங்க!" என்று அவள் என் தொடையில் அடித்த நேரம் பார்த்து எட்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். எட்டு நான்தான். எனக்கு வலியே இல்லை என்ற உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தால் வேறு அர்த்தம். "இவ்ளோ சொத்தையை வச்சுக்கிட்டு எப்படிங்க தாங்குனீங்க?" என்று அவர் கேட்டபோது நாக்கு மரத்துப்போயிருந்தது. வெளியே கைதட்டல் கேட்டது. உங்களுக்கா, டாக்டருக்கா தெரியவில்லை.

திரும்பி வந்தால் உங்கள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்காக அல்ல. போர்க்களத்தில் பத்து நிமிடம் பேசிவிட்டு நீங்கள் செத்துப்போயிருந்தீர்கள். "எவ்ளோ இயல்பா செத்தான் தெரியுமா!" என்று வீடு வரை விம்மினாள்.

ஆக, பார்த்தாயிற்று. வீட்டில் தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உங்கள் புகழ் வளரட்டும், என் பல் இனி வளராது.

இப்படிக்கு,
வாயில் பஞ்சுடன்,
அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டோக்கன் பெண் என் வீக்கத்தை விசாரிக்க வந்தாள். அங்கே தினமும் ஓடுவது டாக்டரின் மாமனார் நடித்த நாடகத்தின் பதிவாம். உங்கள் அக்கா துளியும் கலங்கவில்லை. "நானும் நெனச்சேன், நம்ம தம்பிக்கு இவ்ளோ நல்லா நடிக்க வராதேன்னு" என்றாள். அந்தப் பெரியவரை இன்னொரு தடவை பார்க்க, நாளைக்குத் தன் பல்லைக் காட்டப் போகிறாள்.