சாட்சிக்கோல்

கரைமாபுரி என்று ஒரு தலைநகரம். வரைபடத்தில் தேட வேண்டாம். கிடைத்துவிட்டால் வம்பு உங்களுக்குத்தான்.

அங்கே ஒரு பழைய சட்டம் இருந்தது. எந்த மனையில் கட்டடம் எழுப்புவதானாலும் முதலில் ஒரு மூங்கிலை நட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் உலர்வாகப் பூசிய மூங்கில். மழை மேலே படாதிருக்க ஓர் ஓலைக்குடை. தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு உயரம் மூங்கில் ஆரத்தித் தட்டுப்போலச் சிவந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் பார்ப்பார்கள். மஞ்சளாகவே நின்றால் அனுமதி. சிவந்திருந்தால் அந்த இடம் தண்ணீருக்குச் சொந்தம். அதற்குப் பெயர் சாட்சிக்கோல். மழை ஓய்வதற்குள் அதைப் பிடுங்குபவன் மன்னனே ஆனாலும் சிறை.

வம்பு பெரிய ஏரியில் ஆரம்பித்தது. அதன் நடுவில் வானளாவிய மாளிகை கட்ட ஆசைப்பட்டார் தங்கப்பிரகாசம் என்ற வணிகர். மன்னருக்கு வேண்டியவர்.

நகரமைப்பு அமைச்சர் பரிதிவாணர் அவையில் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"தண்ணீரின் வசதிக்காக நாட்டின் வளர்ச்சி காத்திருப்பதா? இனி சாட்சிக்கோலைச் சித்திரையிலும் நடலாம். காலத்துக்குக் காலம் பாரபட்சம் காட்டுவது அறமன்று."

சித்திரையில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கோல் மஞ்சளாக நின்றது. அனுமதி கிடைத்தது.

ஆட்சேபம் உள்ளவர்கள் மாளிகை வரும் இடத்துக்கே வந்து சொல்லலாம் என்று பறையடித்தார்கள். இடத்தைச் சுற்றி வேலி. வேலிக்குள் நுழைந்தால் கைது. நுழைந்தவர்கள் கைதானார்கள். நுழையாதவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று முடிவு செய்யப்பட்டது.

ஏரி நிரவப்பட்டது. மாளிகை எழுந்தது.

ஐப்பசி வந்தது. தங்க இடமில்லாத தண்ணீர் நேராக மேட்டுத் தெருவுக்கு வந்தது.

மேட்டுத் தெருவில் மீன் வறுவல் கடை வைத்திருந்தவள் வேதநாயகி. பின்னால் வீடு. அவள் புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து. அந்த ஐப்பசியில் முதன்முறையாக அடுப்புக்குள் தண்ணீர் புகுந்தது. வேதநாயகி புடவையைச் செருகிக்கொண்டு தெருவைத் திரட்டினாள்.

"இவனுங்க கண்ணுல காட்டினாத்தான் நம்புவானுங்க. நம்ம தெருவுலயும் ஒரு கோலை நடச் சொல்லுவோம். செவக்கட்டும். அப்புறம் எந்த வாயை வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்லுவானுங்க?"

மனுவோடு நனைநில அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே கோல் நடும் அதிகாரி மகிழ்மாறர். மனுவைப் படித்தவர் முகம் வெளுத்தது. வேதநாயகியை மட்டும் ஓரமாக அழைத்தார்.

"அக்கா, இதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஏன் சார், மேலேர்ந்து ஏதாச்சும் வந்துச்சா?"

"கோல் என்ன சொல்லும்னு நீங்க பாக்கறீங்க. அதை யாரு படிப்பாங்கன்னு பாக்கலை."

"பயந்தாங்கொள்ளி! வேட்டி எதுக்குக் கட்டியிருக்கே?"

அவர் தலை குனிந்தார். மனு அமைச்சரிடம் போனது.

அமைச்சர் மறுக்கவில்லை. தாமதிக்கக்கூட இல்லை. புன்னகையோடு கையெழுத்திட்டார். அந்தப் புன்னகையை வேதநாயகி அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"ஒரு தெருவுக்கு மட்டுமா? எந்தக் குடிமகனும் எந்த இடத்திலும் கோல் நடலாம் என்று சட்டமே இயற்றுகிறேன். இதுவன்றோ குடிகளின் ஆட்சி!"

தெரு பட்டாசு வெடித்தது.

அடுத்த ஐப்பசி. பட்டப்பகலில் வானம் கறுத்தது. வேதநாயகியின் மகள் பூங்கோதைக்கு நிறைமாதம். தண்ணீர் வாசற்படி ஏறியது. கட்டில் ஏறியது. நான்கு பேர் சேர்ந்து பூங்கோதையைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஏணியின் கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"மருத்துவச்சி வராங்களா?"

"எதுல வருவாங்க? நீ முக்குடி என் கண்ணு!"

தார்ப்பாய்க்கு அடியில் குழந்தை அழுதது. அந்த அழுகைக்கு நடுவே, கீழே தெருமுனையில், சாட்சிக்கோல் கழுத்தளவு சிவந்து நின்றது. வேதநாயகி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாட்டிக்கிட்டீங்கடா!"

நீர் வடிந்ததும் அமைச்சர் பரிவாரத்தோடு வந்தார். தெருவே கூடி நின்றது. மகிழ்மாறர் கோலை அளந்தார். நிமிரவே இல்லை.

"சாட்சிக்கோல் பொய் சொல்லாது," என்றார் அமைச்சர் கம்பீரமாக. "இங்கே கழுத்தளவு தண்ணீர். ஆகவே இது நீர்நிலை. நீர்நிலையை ஆக்கிரமித்தவர்கள் மூன்று நாளில் வெளியேற வேண்டும்."

பூங்கோதையின் கைக்குழந்தை தும்மியது.

"ஐயா, இது மேட்டுத் தெருங்க! பேரே மேட்டுத் தெரு!" என்றாள் வேதநாயகி.

"பெயரை மாற்ற ஆணையிட்டாயிற்று."

"அப்போ அந்த மாளிகை?"

"அதன் கோல் மஞ்சள், அம்மணி. மனு கொடுத்தது நீங்கள். நட்டதும் உங்கள் விருப்பம். அரசு மக்களின் குரலுக்குச் செவி சாய்த்தது. அவ்வளவே."

யானைகள் வந்தன. கடை முதலில் சரிந்தது. பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேதநாயகி பார்த்துக்கொண்டு நின்றாள். ஊருக்கு வெளியே, கழுதைகளும் போகாத அனல்காட்டில் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. போகும்போது அவள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அந்தச் சாட்சிக்கோல்.

காலி செய்த தெருவில் சித்திரையில் வேறொரு கோல் நடப்பட்டது. மஞ்சளாகவே நின்றது. தங்கப்பிரகாசத்தின் இரண்டாவது மாளிகைக்கு அனுமதி. வண்டி வண்டியாக மண் வந்து தெரு மேடானது. குடிகளுக்கு ஐப்பசியில் ஏரி. வணிகருக்குச் சித்திரையில் மனை. சட்டம் ஒன்றுதான்.

மறு ஐப்பசி பிறந்தது. அரசவை கூடும் நாள். அவையின் தலைவாசலில் ஒரே கூச்சல். அமைச்சர் வெளியே ஓடிவந்தார்.

வாசலுக்கு நேர் எதிரே மூங்கில் ஒன்று நின்றது. புதிதாக மஞ்சளும் சுண்ணாம்பும் பூசியிருந்தார்கள். பக்கத்தில் வேதநாயகி, கையில் கடப்பாரை.

"பிடுங்குங்கள் அதை!"

காவலர்கள் அசையவில்லை. மழை ஓய்வதற்குள் பிடுங்கினால் யாருக்குச் சிறை என்று அவர்களுக்குத் தெரியும்.

"யாரு வேணா, எங்க வேணா நடலாம்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?" என்றாள் வேதநாயகி.

அமைச்சர் சிரிக்க முயன்றார். "பேதைப் பெண்ணே, அரசவைக்குள் தண்ணீர் வந்ததாகச் சரித்திரமே கிடையாது."

"எங்க தெருவுலயும்தான் கிடையாது. ஏரியை மேடாக்குனீங்க, எங்க தெருவுக்கு வந்துச்சு. எங்க தெருவையும் மேடாக்கிட்டீங்க. இப்ப எங்கே போவும்னு பாத்தீங்களா?"

கிழக்கே இடி உருண்டது. அமைச்சர் வானத்தைப் பார்த்தார். இத்தனை ஆண்டுப் பதவியில் அதுதான் முதல் தடவை.

"மகிழ்மாறரே," என்று உடன் வந்த அதிகாரியிடம் திரும்பினார். "அந்தத் தெருவுக்கு அடுத்த பள்ளம் எது?"

மகிழ்மாறர் அவையின் வாசற்படியைப் பார்த்தார். குனிந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டார்.