விண்ணப்பத்தில் பொங்கிய மாவு

இதில் வருவது அத்தனையும் நடந்தது. நம்பாதவர்களுக்காகச் சுடுகிற தவாமேல் கை வைத்துச் சத்தியம் செய்யவும் தயார். அடுப்பை அணைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தால் போதும்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் காலை ஒன்பது மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, கடைப் பூட்டில் சாவியை நுழைத்தபோதுதான் இடது கை காலியாக இருப்பதைக் கவனித்தார். அந்தக் கையில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் இருந்திருக்க வேண்டும். பாத்திரத்தில் பாதியளவு மாவு. அந்த மாவில்தான் அவருடைய குடும்பமே ஒட்டிக்கொண்டிருந்தது.

சங்கதி இதுதான். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஏழு வருடங்களுக்கு முன் இதே வீட்டில் துருக்கி ரொட்டி சுட்டுப் போட்டார். தயிரும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெயே இல்லாமல் தவாவில் சுடுகிற ரொட்டி. மெத்தென்று இருக்க வேண்டியது, அன்று ஏனோ இருக்கவில்லை. கடைக்காரர் அதில் ஒன்றை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடுவது நின்றது. மச்சான் வருவதும் நின்றது.

இப்போது மச்சான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார், சாயங்காலம் ஏழு மணிக்கு. ஒரே நிபந்தனை: அதே ரொட்டியைக் கடைக்காரர் தன் கையால் சுட்டுப் போட வேண்டும், இரண்டாக மடித்தால் விரிசல் விடக் கூடாது. மனைவி மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பழைய ரொட்டியை உருவி ஒளித்து வைத்தாள். ஏழு வருடத்தில் அதன் ஓரம்கூட உடைந்திருக்கவில்லை. பிறகு கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க அண்ணன் சாப்பிடாம எழுந்திரிச்சா, நானும் அவரோடயே எழுந்திரிச்சிடுவேன். சொல்லிட்டேன்."

விடியற்காலையில் பிசைந்த மாவு இரண்டு மணி நேரமாகியும் அசையவில்லை. வீட்டில் அவ்வளவு குளிர். கடையில் மூக்குக் கண்ணாடி பிரேமை வளைப்பதற்கு ஒரு சூட்டுப் பெட்டி உண்டு. அதன் பக்கத்தில் வைத்தால் மாவு தானாக உப்பும் என்று யோசித்துத்தான், பாத்திரத்தை வெள்ளைத் துணியால் கட்டி பஸ்ஸில் எடுத்துப் போனார். யோசித்தவர் இறங்கும்போது யோசிக்கவில்லை.

திறந்த பூட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். அங்கே தவறவிட்ட பொருட்களுக்கென்று ஒரு கவுன்ட்டர் இருந்தது. கவுன்ட்டர்க்காரர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், நிதானமாகத் திரும்பி வந்தார்.

"மாவுப் பாத்திரம் ஒண்ணு வந்திருக்கு. ஆனா உங்களுது இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"நீங்க பாதின்னு எழுதியிருக்கீங்க. அது முக்கால்."

"மாவு சார் அது. உப்பும்."

"இங்க எந்தப் பொருளும் உப்பாது சார். பதினெட்டு குடை இருக்கு உள்ள. ஒண்ணாவது உப்பியிருக்கா?"

முதல் விண்ணப்பம் ரத்தாயிற்று. இரண்டாவதில் முக்கால் என்று எழுதினார். அது மேலதிகாரியின் மேசைக்குப் போய், டீ வேளை முடிந்து திரும்பி வருவதற்குள் மாவு மூடியைத் தூக்கிவிட்டிருந்தது. அதுவும் ரத்து. கடைக்காரர் இம்முறை முந்திக்கொள்வதென்று தீர்மானித்து, "பரிசோதிக்கும் நேரத்தில் விளிம்புக்கு மேல் நான்கு விரற்கடை இருக்கும்" என்று எதிர்காலத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

எதிர்காலத்தை எழுதினால் நேரில் பரிசோதிக்க வேண்டுமாம். கவுன்ட்டர்க்காரர் பென்சிலால் மாவை ஒரு குத்துக் குத்தினார். மாவு பெருமூச்சு விட்டுப் பாதிக்கு இறங்கியது.

"இப்ப பாதிதான் இருக்கு" என்றார் வெளியே வந்து.

"முதல்ல நான் அதைத்தானே எழுதினேன்!"

"அதைத்தான் ரத்து பண்ணிட்டோமே."

மணி நாலைத் தாண்டியது. நான்காவது விண்ணப்பத்தில் துணியின் நிறம் கேட்டிருந்தது. கடைக்காரர் வெள்ளை என்று எழுதினார். கவுன்ட்டர்க்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நீலம் என்றார். டியூப் லைட்டில் வெள்ளை நீலமாகத்தான் தெரியும், கண் விஷயம் என் தொழில், என்றெல்லாம் கடைக்காரர் விளக்கினார். கவுன்ட்டர்க்காரர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது உங்க கடையில போட்டதுதான் சார். போன மாசம். இது வழியாப் பார்த்தா துணி நீலம். துணி வெள்ளைன்னா இந்தக் கண்ணாடி தப்பு. எது தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

வரிசையில் பின்னால் நின்றிருந்தவர்களில் மூன்று பேர் தங்கள் கண்ணாடியைக் கழற்றி உற்றுப் பார்த்தார்கள். மூன்றும் அவர் கடைக் கண்ணாடிதான்.

கடைக்காரர் பேனாவை வாங்கி நீலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பாத்திரம் கைக்கு வந்தபோது துணி உண்மையிலேயே நீலமாக இருந்தது. ஒரு நொடி தயங்கினார். கட்டியபோது பரபரப்பில் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மற்றபடி, பத்தாயிரம் பேரின் கண்ணைச் சோதித்தவருக்குச் சொந்தப் பாத்திரம் தெரியாமல் போகுமா?

வீட்டுக்குப் போய் மாவை எட்டு உருண்டையாக்கி, கால் மணி நேரம் மூடி வைத்து, கையாலேயே தட்டித் தவாவில் போட்டார். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் குமிழி விட்டு, திருப்பிப் போட்டதும் தலையணை மாதிரி உப்பியது. சுடச்சுடத் துணியில் சுற்றி அடுக்கினார். எட்டாவது ரொட்டி அடுக்கின்மேல் விழுந்தபோது சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு மென்மை.

மச்சான் ஏழு மணிக்கு வந்தார், கையை வீசிக்கொண்டு. ஏழு வருடம் கழித்துத் தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததில் அவருக்கே ஏதோ குறை போலிருந்தது. முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆடுகிற மேசை முன்னால் உட்கார்ந்தார். முதல் ரொட்டியை எடுத்து இரண்டாக மடித்தார். விரிசல் இல்லை. நாலாக மடித்தார். அப்போதும் இல்லை. மனைவி சுவரில் சாய்ந்து நின்று மூச்சை வெளியே விட்டாள்.

மச்சான் மென்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"மாப்ள, இந்தப் புளிப்பு எல்லாருக்கும் வராது. கப்பல்ல என்கிட்ட இருபது பேர் கத்துக்கிட்டானுங்க. ஒருத்தனுக்கும் வரல. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்க என்ன இருக்கு மச்சான்? எல்லாம் கை வாகு" என்றார் கடைக்காரர், அடக்கமாக.

மச்சான் ஐந்து ரொட்டி தின்றார். ஆறாவதை மடித்துக்கொண்டே, அன்று மேசைக்கடியில் வைத்ததை அன்றே மறந்துவிட்டேன் என்றார். இந்தக் கையின் முன்னால் தன் கை ஒன்றுமே இல்லை என்றும் சொன்னார். மனைவி கணவனைப் பார்த்த பார்வையில், கல்யாணமான புதிதில் இருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் பஸ் கண்டக்டர், கையில் வெள்ளைத் துணி கட்டிய பாத்திரத்தோடு. மூடியில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைப் பார்த்து, பூட்டியிருந்த கடைக்குப் போய், பக்கத்தில் வீடு விசாரித்து வந்திருந்தார். பாத்திரத்தை நீட்டப் போனவர், கடைக்காரரின் தோளுக்கு மேலாக உள்ளே இருந்த மச்சானைப் பார்த்துச் சிரித்தார்.

"அட, அந்த சாரும் இங்கதான் இருக்காரா? சார், முதல் டிரிப்புல நீங்க சீட்டுல வச்சிட்டு இறங்கின நீலத் துணி மாவ அப்பவே ஆபீஸ்ல ஒப்படைச்சிட்டேன், போய் வாங்கிக்கங்க."