மாமனார் ஜீப்பைச் சுரண்டிய கதை

செல்போனில் வீடியோ பார்த்து வேலை கற்றுக்கொண்ட ஆண்பிள்ளையை எந்த வீட்டிலும் தனியாக விடக் கூடாது. இதை நான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. அந்த ஆண்பிள்ளை நான்தான்.

எனக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் செல்போன் கடை. பெண் எடுத்தது மேலே கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில். மாமனாரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. மிளகு மூட்டை, பலாப்பழம், பிரசவ வலி எடுத்த பெண்கள் எல்லாம் அதில்தான் மலையிறங்கும். அதன் பச்சைப் பெயிண்ட் சொறி பிடித்ததுபோல் உரிந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் என் மச்சினிச்சிக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பையனின் அப்பா பெரியசாமி, முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். "உங்க எலக்சனுக்கு ராப்பகலா ஒழைச்சவனுங்க நானு" என்று மாமனார் சொன்னதிலேயே பாதிக் கல்யாணம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

"ஜீப்புக்கு நானே புது பெயிண்ட் அடிச்சுத் தாரனுங்க மாமா" என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

"மேலாப்புல ஒரு கோட்டு அடிச்சாப் போதுமுங்க மாப்ள."

"பழசு மேல புதுசு நிக்காதுங்க. தகரம் தெரியற வரைக்கும் எடுக்கோணும்."

"வேண்டாமுங்க. பழசு அப்பிடியே இருக்கட்டும்."

இதை அவர் மூன்று முறை சொன்னார். தொழில்நுட்பம் தெரியாத மனிதர் என்று இரக்கப்பட்டேன்.

சனிக்கிழமை அவர் சேலை எடுக்கப் பஸ்ஸில் சேந்தமங்கலம் போன நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். சக்கரங்களைக் கழற்றி, ஜீப்பைச் செங்கல்மேல் நிறுத்தினேன். (வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள்.) பக்கவாட்டில் பெயிண்ட் ரிமூவரைத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் பச்சை, அப்பளம்போல் கொப்பளித்தது. தகட்டால் வழித்தால் சுருள் சுருளாக வந்தது. கையுறையில் ஓட்டை இருப்பது விரல் எரிந்தபோது தெரிந்தது. பச்சைக்கு அடியில் வெள்ளை. வெள்ளையின்மேல் சிவப்பில் ஏதோ எழுத்து. புதையல் கண்டவன்போல் சுரண்டினேன்.

'தின்றது போதும்!'

காபி கொண்டுவந்த மனைவி அதைப் படித்தாள். "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் சொரண்டுங்க. யாரு தின்னாங்கன்னு பாக்கலாம்."

சுரண்டினேன்.

'பெரியசாமி தின்றது போதும்!
பூட்டு சாவிக்கே ஓட்டுப் போடும்!'

பக்கத்தில் பெரிய பூட்டும் சாவியும் வரைந்திருந்தது. அந்தப் பஞ்சாயத்தில் போட்ட ரோடுகூட இவ்வளவு உறுதியாக நின்றதில்லை. ரிமூவர் தீர்ந்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்தேன்; அழுக்குப் போய் எழுத்து பளபளத்தது. மச்சினிச்சி வந்து பார்த்தாள். "மச்சான், இந்தக் கல்யாணம் நின்னு போச்சுன்னா உங்களையும் இப்பிடித்தான் சொரண்டுவேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் திரும்பிய மாமனார், ஜீப்பின் முன்னால் பையைக் கீழே வைத்தார்.

"இதுக்குத்தானுங்க மாப்ள மேலாப்புல அடிக்கச் சொன்னேன்."

"நீங்க அவருக்கு ஒழைச்சதாச் சொன்னீங்களே மாமா?"

"நானு அவருக்குத்தான் ஒழைச்சேன். ஜீப்பு மட்டும் வாடகைக்கு அந்தப் பக்கம் ஒழைச்சுது."

சக்கரம் மாட்டி வண்டியை எங்காவது ஒளித்துவிடலாம் என்றால், கழற்றிய நட்டுகளில் பாதியைக் காணோம். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினோம்.

ஞாயிறு காலை பெரியசாமி வந்தார். வந்தவர் வீட்டுக்குள் போகாமல் நேராகத் தார்ப்பாயிடம் போனார். "வண்டிக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓரத்தைத் தூக்கினார். இரண்டு வரியைப் படிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனதோ, எனக்கு ஒரு வருடம். பிறகு தார்ப்பாயை மெதுவாக விட்டுவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

மாமனாரே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்குங்க சம்பந்தி."

பெரியசாமி இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். "வேண்டாமுங்க. தின்னது போதும்னு உங்க ஜீப்பே சொல்லுதே."

மாமனார் வாளியோடு ஒரு அடி பின்வாங்கினார். முதலில் குலுங்கியது பெரியசாமியின் தொப்பைதான். சிரிப்பு அதற்குப் பின்னால் வந்தது. "அந்த வெள்ளை ஜீப்பு யாருதுன்னு அன்னைக்கிலிருந்து தேடிட்டிருந்தனுங்க. சம்பந்தி ஊட்டுலயே நிக்குது!" என்றவர் கையை எடுத்துக்கொண்டு, "ஊத்துங்க" என்றார். அன்றே தட்டு மாற்றினோம்.

அதன்பிறகு இரண்டு குடும்பத்திலும் சாப்பிடும்போது யாரும் 'போதும்' என்று சொல்வதில்லை. போன வாரம் என் மகளின் டீச்சர் என்னை வரச்சொன்னார். மதியம் சோறு போட்ட அக்காவிடம் மகள், "ஜீப்பு சொல்லிருச்சுங்கக்கா" என்று தட்டை மூடிக்கொண்டாளாம்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல எந்த ஜீப்புங்க சோத்தைப் பத்திப் பேசுது?" என்று டீச்சர் கேட்டார்.