இனிஷியல் இல்லாத மகிழ்மாலைகள்

“தொண்ணூத்தி நாலுங்க, வாத்தியார் தன் கையால திருத்தி—”

“பதினேழு. கணினி பதினேழு என்று சொன்னால்—”

“கணினியாங்க பரீட்சை எழுதுச்சு?”

“என்னைப் பேச விடம்மா.”

தாழைநாட்டின் மதிப்பெண் அமைச்சர் வளவராயர் முன்னால் நின்றவள் பவளம், மீன் விற்பவள். மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கேட்டு வந்திருந்தாள். சேர்க்கை அன்று மாலையோடு முடிகிறது.

மகள் பெயர் ப. மகிழ்மாலை. அரசியின் பெயரும் மகிழ்மாலைதான். அவர் முடிசூடிய ஆண்டில் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைக்க வேண்டும் என்று ஆணை. ஊரார் இனிஷியலைச் சொல்லிச் சமாளித்தார்கள்.

இவ்வாண்டு, பள்ளிகளின் பழைய கணினியிலிருந்து அரண்மனையின் புதிய கணினிக்கு மதிப்பெண்களைத் தானாகவே கொண்டுபோக ஒரு கணினி நிரல் எழுதினார்கள். அது ஒவ்வோர் இனிஷியலின் புள்ளியிலும் நின்று நின்று போயிற்று. புதிய கணினியின் திறப்பு விழாவுக்கு அரசியின் தேரோ கிளம்பிவிட்டது. “இனிஷியலைப் புள்ளியோடு வெட்டிவிடுங்கள்” என்றார் அமைச்சர். அத்தனை மகிழ்மாலைகளும் ஒரே மகிழ்மாலை ஆனார்கள். ஒன்றை அழித்து ஒன்று உட்கார்ந்த மதிப்பெண்களில், கடைசியாக வந்த பதினேழே எல்லாருக்கும் நிலைத்தது.

முறையிட்டவர்களுக்கு முதல் ஆணை வந்தது: அரசி திறந்துவைத்ததில் தவறு இராது. எதற்கும் இருக்கட்டுமென்று பழைய கணினியை உடைத்து, விடைத்தாள்களை எடைக்குப் போட்டார்கள். அடுத்த ஆணை: ஒரே பெயர் கொண்டோர் சட்டப்படி ஒரே ஆள். காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போன ஒரு மகிழ்மாலையிடம், “காலையில்தானே மாத்திரை வாங்கிப் போனாய்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

“பிள்ளை சோறு தொடலைங்க” என்றாள் பவளம். “ஊசி போடப் பழகணும்னு வாழைக்காய்ல குத்திக் குத்திப் பாத்தவ.”

அமைச்சரின் குரல் இறங்கியது.

“எனக்கு மட்டும் ஆசையா அம்மா? என் வீட்டு மகிழ்மாலைக்கும் பதினேழுதான். ஆனால் அரசியார் கையொப்பமிட்ட ஆணை. ஒரே பெயர், ஒரே ஆள். எவருக்கும் விலக்கு இல்லை.”

“எவருக்குமே இல்லீங்களா?”

“எவருக்குமே.”

பவளம் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அப்ப எம்மக எங்க போயி உக்காரட்டும் ஐயா, காலேஜ்லயா, சிம்மாசனத்துலயா?”