பதுளையடியில் இறங்குவது எப்படி

வேலணை,
12.06.1984

அன்பும் மரியாதையும் நிறைந்த மனோகரி அக்கா அவர்கட்கு, தம்பி தில்லைநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் உடல்நிலையில் பழுதில்லை. தங்களதும் அத்தானதும் பிள்ளைகளதும் உடல்நிலை அவ்வாறே இருக்குமென நம்புகிறேன். கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டுமென்று அம்மா இருந்த காலத்தில் எங்கள் இருவருக்கும் பழக்கியதால் தொடங்கிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தாங்கள் வெள்ளவத்தையிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்தது. ஆவணி பிறந்ததும் குடும்பத்தோடு கனடாவுக்குப் போவதாகவும், போனால் எப்போது திரும்புவோமென்று சொல்ல முடியாதென்றும், அதற்கு முன் ஒரு தடவை என்னை வந்து பார்க்க விரும்புவதாகவும், யாழ்ப்பாணத்தில் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவதென்று ஒரு வரியில் எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் எழுத முயன்று நாலு கடதாசி கிழித்தேன். இந்த வீட்டுக்கு நீங்கள் சின்ன வயதில் ஐயாவோடு காரில் ஒரு திருவிழாவுக்கு வந்ததோடு சரி, பஸ்ஸைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். வாசித்து முடிய நீங்களாகவே வரவேண்டாமென்று முடிவெடுப்பீர்கள்.

முதலாவது, பஸ்ஸின் பெயர்ப்பலகை. கொழும்பிலே நூறு, நூற்றொன்று என்று நம்பரைப் பார்த்து ஏறிப் பழகிய ஆள் நீங்கள். இங்கே நீங்கள் ஏற வேண்டிய பஸ்ஸின் நெற்றியில் 'சிலாபம்' என்று எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம், அது சிலாபம் போகாது. எந்தக் காலத்திலோ அந்தப் பக்கம் ஓடின பஸ். பேர் எழுதின சீலைச் சுருளைச் சுத்துற பல்லுச் சில்லு தேய்ஞ்சு, அதிலையே இறுகிப்போச்சுது. பத்து நிமிஷத்திலை கழட்டிப் பூட்டித் தாறன் எண்டு கொண்டக்டர் மரியநாயகத்தாரிட்டைச் சொன்னனான். அவர் என்னை மேலும் கீழும் பாத்துப்போட்டு, "தம்பி, உதை வாசிச்சு ஆரும் ஏறினதைக் கண்டனீரோ?" எண்டு கேட்டார். கேள்வி சரிதான். இங்கை சனம் பலகையைப் பாக்கிறேல்லை, ட்றைவரைப் பாக்குது. தம்பிராசா அண்ணை ஓட்டினால் அது வேலணை பஸ். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் எண்டு வேற ஒருத்தர் ஓட்டிக்கொண்டு வந்தார். அதே பஸ், அதே நேரம், அதே சிலாபம். ஒரு சனம் ஏறேல்லை. தங்கடை பஸ் பிறகு வருமெண்டு நிண்டுகொண்டு, அதை வெறும் பஸ்ஸாய்ப் போக விட்டுதுகள். நான் மட்டும் ஏறினன். முழு பஸ்ஸும் எனக்குத்தான். எந்தச் சீற்றிலை இருக்கிறதெண்டு தெரியாமல் கம்பியைப் பிடிச்சு நிண்டுகொண்டே வீட்டை வந்து சேர்ந்தன். தம்பிராசா அண்ணையைத் தேடி ஏறுங்கோ எண்டு எழுதலாம். மொட்டை, பெரிய மீசை எண்டு அடையாளமும் தரலாம். ஆனால் அந்த பஸ் ஸ்ராண்டிலை அரைவாசி ட்றைவர்மார் அப்பிடித்தான் இருக்கினம்.

சரி, ஏறிவிட்டியள் எண்டு வைப்பம். வெளிக்கிட்ட கையோடை கோட்டையடியிலை ஆமிக்காரர் மறிப்பினம். எல்லாரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் அங்காலை ஏறவேணும். அது தரிப்பு இல்லை, பலகையும் இல்லை. ஆனால் இந்த முழு றூட்டிலும் எல்லா பஸ்ஸும் கோடு கீறினமாதிரி ஒரே இடத்திலை, ஒருநாளும் தப்பாமல் நிக்கிறது அங்கை மட்டும்தான். பிள்ளையளின்ரை கையை விடாதேங்கோ. சிங்களம் தெரியுமெண்டு முந்திக்கொண்டு கதைக்காதேங்கோ, எங்கை படிச்சனீ எண்டு கேக்கத் தொடங்கினால் பஸ் போயிடும்.

இனித்தான் ரிக்கற். கொண்டக்டர் எங்கை போறியள் எண்டு கேக்கமாட்டார். நான் முதல்நாள் ஏறேக்கை நடந்ததை அப்பிடியே எழுதுறன்.

"ஆற்றை வீட்டை, தம்பி?"

"என்ரை வீட்டை."

"அது சரி, நீர் ஆற்றை பிள்ளை?"

"மார்க்கண்டற்றை மகன்."

"எந்த மார்க்கண்டர்? இங்கை வீதிக்கு ஒரு மார்க்கண்டர்."

பின்சீற்றிலை இருந்து ஒரு மனிசி எழும்பி நிண்டு, "உது பதுளையற்றை பெடியன் எல்லே! அந்த நெத்தியைப் பாருங்கோவன்!" எண்டு கத்தினா. பஸ் முழுக்கத் திரும்பி என்ரை நெத்தியைப் பாத்துது.

"முந்தியே சொல்லுறதில்லையோ," எண்டு மரியநாயகத்தார் ரிக்கற்றைக் கிழிச்சார். "ஒரு பதுளை!"

விளங்குதோ அக்கா? ஐயா பதினாலு வயசிலை பதுளைக்குக் கடையிலை நிக்கப் போனவர். பேந்து சொந்தக் கடை போட்டு, காசு அனுப்பிக் கட்டின வீட்டிலை திருவிழாவுக்கு வந்து நிண்டதுதான் மிச்சம். அதாலை அவரின்ரை பேர் ஊருக்கு மறந்துபோச்சுது, அவர் போன இடத்தின்ரை பேர் நிண்டுட்டுது. எங்கடை வாசலிலை இருக்கிற தரிப்புக்குப் பேர் பதுளையடி. எங்களோடை மட்டும் முடிஞ்சால் பரவாயில்லை. எங்களுக்கு அடுத்த தரிப்பு மாத்தறை. அங்காலை ஒரு புகையிலைத் தோட்டம் தாண்டினால் குருநாகல். பிறகு காலி. எல்லாம் அந்தந்த ஊரிலை கடை வைச்சிருந்த ஆக்களின்ரை வீடுகள். "மாத்தறை ரெண்டு பேர் முன்னுக்கு வாங்கோ, காலி ஏன் இப்பவே எழும்பி நிக்குது?" எண்டு அந்த மனிசன் சத்தம் போடேக்கை ஒருத்தரும் சிரிக்கிறேல்லை. உங்கடை மூத்தவள் புவியியலிலை கெட்டிக்காரி எண்டு எழுதினியள், அவள் தாங்கமாட்டாள். புதுக்கடையடி எண்டு ஒரு தரிப்பு இருக்குது, அங்கை கடை மூடிக் கனகாலம். பழைய கடையடி எண்டு இன்னொண்டு, அந்தக் கடை போன தைப்பொங்கலுக்குத்தான் திறந்தவை. இடம் பழையது எண்டதாலை கடையும் பழையதாம். கேக்கப்போனால் என்னைத்தான் விசரன்மாதிரிப் பாக்கினம்.

பகிடியாய் எழுதுறன் எண்டு நினைக்காதேங்கோ. போன ஆடிக் கலவரத்திலை நாங்கள் விட்டிட்டு ஓடிவந்த ஊரின்ரை பேரை, கடை எரிஞ்ச ஊரின்ரை பேரை, இங்கை வாசலிலை ஒவ்வொரு நாளும் ஒரு மனிசன் கூப்பிடுறான். "பதுளை இறக்கம்! பதுளை இறக்கம்!" நான் பழகியிட்டன். நீங்கள் கேட்டால் பஸ்ஸுக்குள்ளையே அழுவியள். எனக்கு அழுகிற ஆக்களைச் சமாளிக்க ஏலாது, அது உங்களுக்குத் தெரியும்.

பதுளையடி எண்டு பேர் இருக்குதே தவிர, அது எந்த இடம் எண்டு காட்டச் சொன்னால் எனக்கே தெரியாது. முன்வீட்டுச் சின்னாச்சி அக்கா கத்தரிக்காய்க் கடகத்தை எங்கை இறக்கி வைக்கிறாவோ அங்கைதான் பஸ் நிக்கும். அவ பூவரசின்ரை நிழலிலை வைப்பா. நிழல் காலமை மேற்காலை விழும், பின்னேரம் கிழக்காலை விழும், தரிப்பும் அதோடை போகும். ஒருநாள் முதல்நாள் பஸ் நிண்ட இடத்திலையே கவனமாய் நிண்டனான். பஸ் என்னைத் தாண்டிப் போய்க் கடகத்துக்குப் பக்கத்திலை நிண்டுது. ஓடிப்போய் ஏறி, தரிப்பு எண்டால் ஒரு நிரந்தர இடம் இருக்கவேணும் எண்டு தம்பிராசா அண்ணைக்கு விளங்கப்படுத்தினன். அவர் வாய் திறக்க முந்திச் சின்னாச்சி அக்கா, "வெயிலுக்கை நிண்டு வாடிப்போறது நீரோ, என்ரை கத்தரிக்காயோ?" எண்டு கேட்டா. மூண்டு வருசம் ரெக்னிக்கல் கொலிச்சிலை டீசல் என்ஜின் படிச்சவன் நான். அடுத்தநாள் தொடக்கம் நானும் கடகத்துக்குப் பக்கத்திலைதான் நிக்கிறன்.

இறங்கிறதுக்கு மணி அடிக்கிற வழக்கமும் இல்லை. ஆர் எங்கை இறங்குவினம் எண்டு கொண்டக்டருக்குத் தெரியும். அவை கதைச்சுக்கொண்டே இருப்பினம், பஸ் தானாய் நிக்கும், கதையை முடிக்காமலே இறங்கிப் போவினம், மிச்சக் கதை அடுத்தநாள் நடக்கும். வாயைத் திறந்து "இறங்கவேணும்" எண்டு சொன்ன ஒரே ஆள் நான்தான்.

இனி நான் செய்த வேலையைக் கேளுங்கோ. நான் இப்ப நீரிறைக்கிற மெசினும் வள்ளத்து என்ஜினும் திருத்தித்தான் சாப்பிடுறன். இந்த பஸ்ஸின்ரை சைலென்சர் பூட்டுகள் தளந்து, புகை உள்ளுக்கை வாறதைக் கனநாளாய்ப் பாத்துக்கொண்டிருந்தன். பொறுக்க ஏலாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டம் இல்லாத நேரம், தம்பிராசா அண்ணையைக் கேட்டு, பஸ்ஸுக்குக் கீழை படுத்து முழுக்க இறுக்கிச் சீராக்கி விட்டன். என்ஜின் பூனைமாதிரி ஓடிச்சுது. கை கழுவேக்கை, கொழும்பிலை வேலை செய்த காலத்துக்குப் பிறகு முதல்தரம் சந்தோசமாய் இருந்தது. திங்கள் விடிய அந்த பஸ் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் போச்சுது. பாதி ஊர் பஸ்ஸைத் தவறவிட்டுட்டுது.

வெயில் ஏற முந்தி எங்கடை வாசல் படலையடியிலை ஒரு கூட்டம். முன்னுக்கு நிண்டது அன்னப்பிள்ளை மாமி. கிணத்தடிக் காணி வழக்குக்கு அண்டைக்குத் தவணை, கோட்டுக்குப் போகேலாமல் போச்சுது.

"நீரோ பஸ்ஸின்ரை வாயை அடைச்ச ஆள்?"

"மாமி, அது புகை. நஞ்சு. உள்ளுக்கை வருது."

"நஞ்செண்டால் இவ்வளவு நாளும் நாங்கள் இருப்பமோ? தம்பி, சுடலை முடக்கிலை அது ஒருக்கா இருமும். இருமினால் நான் பாலை இறக்குவன். பள்ளிக்கூடத்தடியிலை உறுமும், அப்ப கொண்டை முடிவன். மதகிலை டக் டக்கெண்டும், அப்ப செருப்பு. இண்டைக்கு நான் பாலை வைச்சுக்கொண்டு அது இருமுமெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்!"

ஒவ்வொருத்தருக்கும் அப்பிடி ஒரு கணக்கு இருந்திருக்குது. ஒருத்தருக்கு இருமலுக்குப் பல்லு விளக்கினால் சரியாம், இன்னொருத்தருக்கு உறுமலுக்கு ஆட்டை அவிழ்த்துக் கட்டவேணுமாம். நான் கரும்பலகையிலை எழுதுறமாதிரி எரிவாயு, அழுத்தம் எண்டெல்லாம் விளங்கப்படுத்தினன். ஒருத்தரும் கேக்கேல்லை. கன நேரமாய் நிக்கினமே எண்டு தேத்தண்ணி வைச்சன். வீட்டிலை கோப்பை ரெண்டுதான், அதாலை குடிக்கிறதும் ஏசுறதும் முறை வைச்சு நடந்தது. ஒருத்தர் குடிக்க மற்றவர் ஏசுவார், கோப்பை கைமாறினால் ஏச்சும் கைமாறும். மாமி ரெண்டாந்தரம் குடிச்சுப்போட்டு, சீனி காணாது எண்டும் ஏசினா.

கடைசியிலை, பூட்டுகளை இறுக்கினபடி விட்டு, சைலென்சருக்குள்ளை இருந்த தகடுகளை மட்டும் கழட்டினன். இப்ப புகை உள்ளுக்கை வாறேல்லை, சத்தம் முந்தினதிலும் மோசம். படிச்ச படிப்புக்கு அதைவிடக் கேவலம் ஒண்டும் இல்லை. ஊருக்கு வலு திருப்தி. இருமினது இப்ப குரைக்குது எண்டு ஒரு கிழமை முணுமுணுத்துப்போட்டு, அதுக்கேத்தமாதிரிப் பாலையும் கொண்டையையும் மாத்திக்கொண்டுதுகள்.

அதுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை. எல்லாம் சரியாய் ஓடினால் மெக்கானிக்கிட்டை ஆர் வருவினம்? பின்னேரம் பஸ் வந்து வாசலிலை நிக்கும், "பதுளை" எண்டு கூப்பிடும் சத்தம் கேக்கும், நாலஞ்சு பேர் இறங்குவினம், எல்லாரும் எதிர்ப்பக்க ஒழுங்கைக்குள்ளை போயிடுவினம். எங்கடை வீட்டின்ரை பேரிலை இறங்கி, எங்கடை படலையைத் திறக்காமல் போறதுக்கு எப்பிடித்தான் மனம் வருதோ தெரியாது. உண்மையைச் சொன்னால், அந்தத் தகடுகளை இன்னும் எறியேல்லை. திருப்பிப் பூட்டினால் ஒருநாளைக்கெண்டாலும் ஏசவாவது வருவினமே எண்டு ரெண்டுதரம் எடுத்துப் பாத்து, எண்ணெய் பூசி வைச்சிட்டன்.

ஆகையால் அக்கா, வரவேண்டாம். சிலாபம் எண்டு போட்ட பஸ்ஸிலை ஏறி, தெரியாத ட்றைவரை நம்பி, எரிஞ்ச ஊருக்கு ரிக்கற் எடுத்து, கத்தரிக்காய் இருக்கிற இடத்திலை இறங்கிறதுக்கு உங்களாலை ஏலாது. குலுக்கிற குலுக்கிலை பிள்ளையள் சத்தியும் எடுக்குங்கள். வந்தாலும் ரெண்டு நாள் நிப்பியள், பிறகு போவியள். நீங்கள் ஏறின பஸ் கண்ணுக்கு மறைஞ்ச பிறகும் அதின்ரை சத்தம் கனதூரத்துக்குக் கேக்கும், இப்ப என்ரை கைவேலையாலை இன்னும் கூடக் கேக்கும். அதைவிட நீங்கள் அங்கையிருந்தே போறது எனக்கு வசதி. பிளேனிலை ஏற முந்தி ஒரு போஸ்ட்காட் போடுங்கோ, போதும்.

அத்தானுக்கு என் அன்பைத் தெரிவிக்கவும். பிள்ளைகளுக்கு நல்ல கம்பளிச் சட்டைகளாகப் பார்த்து வாங்கவும், மலிவானதில் நூல் கலப்பு அதிகம். போகிற நாட்டில் குளிரும் குறையும் அண்டாமல் நயினை நாகபூசணி அம்மன் உங்கள் எல்லோரையும் தன் நிழலில் வைத்திருக்க வேண்டுமென்று கைகூப்பிக்கொண்டு,

தங்கள் தம்பி,
மா. தில்லைநாதன்

பி.கு: மேலே எழுதினது ஒவ்வொண்டும் உண்மை, ஆனால் உங்களுக்கு அதிலை ஒண்டும் தேவைப்படாது. நீங்கள் வாறியள் எண்டு போன கிழமையே பஸ்ஸிலை சொல்லிப்போட்டன், வாய் தவறி. இப்ப ஏறினால் இறங்கும்வரை "அக்கா எப்ப?" எண்டுதான் கேள்வி. பஸ்ஸைத் தேடவேண்டாம், இறங்கிற இடத்தையும் யோசிக்கவேண்டாம். வாற திங்கள் தொடக்கம் யாழ்தேவி வாற நேரத்துக்கு யாழ்ப்பாணம் ஸ்ரேஷனிலை நான் நிப்பன். எண்டைக்கு வாறம் எண்டு திகதி எழுதாதேங்கோ. இப்ப கடிதங்கள் வாற சீரிலை, அது என்ரை கைக்குக் கிடைக்க முந்தி நீங்கள் வந்து, ஒருத்தரையும் காணேல்லை எண்டு திரும்பிப் போயிடுவியள். யோசிச்சுப் பாத்தன், ஒவ்வொரு நாளும் போய் நிக்கிறதுதான் பிழை வராத முறை.