தொப்பூர் ஓட்டலில் ஒரு குளிர்க் கணக்கு

"என்னங்க தம்பி, வெளிய சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குது. உங்க மிசினு பதினாறு டிகிரின்னு காட்டுது?"

தொப்பூர் கணவாயில் ஓட்டல் வைத்திருக்கும் மாதேஸ்வரன் இப்படிக் கேட்டதும் ஞானராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாதேஸ்வரனுக்கு வத்தல்மலையில் ஒரு விடுதியும் உண்டு. மேலே ஹீட்டருக்கும் கீழே ஏசிக்கும் எவ்வளவு கரண்ட் ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் ஞானராஜின் வேலை. இந்த ஆர்டர் கைக்கு வந்தால் கம்பெனியில் வேலை நிரந்தரம். நழுவினால் இனி வரவே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"மிசின்லதான் கோளாறுங்கண்ணா." பேட்டரியை மாற்றினான். பதினான்கு.

"சன்னலெல்லாம் தெறந்து வுடுங்க, அனலு உள்ள வரட்டும்."

திறந்தார்கள். பன்னிரண்டு. பரோட்டா தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் துண்டால் காதை மூடிக் கட்டிக்கொண்டார்.

அறையில் இருக்கும் ஆட்களின் உடம்புச் சூட்டையும் கூட்டிக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். ஞானராஜ் அதையே பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் என்னச் சுத்தி நெருக்கி உக்காருங்க. சூடு தானா ஏறும்."

உட்கார்ந்தவர்களுக்குப் பல் தந்தியடித்தது. பேசப் பேச எல்லார் வாயிலிருந்தும் புகை கிளம்பியது. ஞானராஜின் வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. கருவியையே முறைத்துக்கொண்டிருந்தவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"டேய், பேய் கீய் இருக்குதா இங்க?" என்று டிரைவர் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தார்.

ஞானராஜ் கருவியோடு வெளியே ஓடினான். புளியமரத்தடியில் படுத்திருந்த நாய் அவனைப் பார்த்ததும் வாலை இடுக்கிக்கொண்டு முனகியபடி நகர்ந்தது. உச்சி வெயிலில் நின்றும் எண் இறங்கிக்கொண்டே போனது.

பின்னாலேயே வந்த மாதேஸ்வரன் கையெடுத்துக் கும்பிட்டார். "வுட்டா, மலைக்குப் போடற ஹீட்டர இங்க போடச் சொல்லுவீங்களாட்டம் இருக்குது! ஏசியே வேண்டாம். நீங்க கெளம்புங்க."

"அப்பிடிச் சொல்லாதீங்கண்ணா! எம்பொழப்பே இதுலதான் இருக்குது." ஞானராஜுக்கு அழுகை முட்டியது.

வாசலில் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை.

"அவரத் தொரத்தாதீங்கண்ணா, காலைல வளைவுல லாரி அடிச்சுக் கெடந்தவர நான்தான் துப்பட்டா போட்டு மூடிட்டு வந்தேன், ஏசிக்குப் பதிலா அவரையே இங்க நெரந்தரமா வேலைக்கு வெச்சுக்குங்க!"